பொட்டு வைத்த மூட்டை

மகளுக்குப் பத்து வயது நடக்கும்போது ஒரே மாதத்தில் இரண்டு முறை வகுப்பில் ஒரு பையனை அடித்தாள். இரண்டு முறையும் அதே பையன்தான். இரண்டாவது முறை அவன் மூக்கில் ரத்தம் வந்துவிட்டது. பள்ளியில் கூப்பிட்டார்கள். பேச வேண்டிய இடங்களுக்கு என் மனைவிதான் போவாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்கள் ஏற்பாடு அது. சுங்கை பட்டாணி கையுறைத் தொழிற்சாலையில் அவளுக்குக் காலை ஷிப்ட் விழும் நாட்களில் மட்டும் நான் போவேன். அன்று காலை ஷிப்ட்.

நான் ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவன். பள்ளி அலுவலகத்தில் கால் வைத்தால், இப்போதும் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தவனைப் போலத்தான் இருக்கும். கட்டொழுங்கு ஆசிரியை ஒரு தடித்த புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார். மகள் சுவரோரம் நின்றிருந்தாள்.

“எதுக்கு அடிச்சேன்னு வீட்ல கேட்டீங்களா?”

கேட்கவில்லை. முதல் முறை நடந்தபோது மனைவி திட்டினாள், நான் பக்கத்தில் நின்றேன். ஆனாலும் வாய், “ஆமா டீச்சர்” என்றது.

“அப்போ ஒரு காரணமும் இல்ல?”

“ஆமா டீச்சர்.”

அவர் ‘காரணம் இல்லை’ என்று எழுதி என் கையெழுத்தை வாங்கினார். இன்னொரு முறை யார் மேலாவது கை வைத்தால் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அடுத்த தமிழ்ப்பள்ளி ஒரு தோட்டத்துக்குள் இருக்கிறது. அங்கே பஸ் போகாது. எனக்கு ஐந்தரை மணிக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு. மனைவியின் தொழிற்சாலை பஸ் அதற்கும் முன்னால் வந்துவிடும். பிள்ளையைக் கொண்டுபோய் விட ஆள் இல்லை. அதற்கும் ஆமா சொன்னேன்.

வெளியே வரும்போது, மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் இளம் ஆசிரியை ஒருவர் பின்னால் வந்தார். வீட்டில் ஒரு பஞ்சிங் பேக் தொங்கவிடச் சொன்னார். கோபம் வந்தால் ஆளை அடிக்காமல் அதை இருபது குத்து குத்தட்டும், பிறகு மூச்சை இழுத்து விடட்டும் என்றார். செய்வதற்கு ஒரு வேலை கிடைத்ததில் எனக்கு நிம்மதி. பேசச் சொல்லியிருந்தால்தான் சிரமம்.

நான் கோலா கெத்தில் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் உரம் போடுகிறவன். காலிச் சாக்குக்குக் குறைவில்லை. ஒன்றைக் கழுவிக் காயவைத்து, மணலை நிரப்பி, மோட்டார் சைக்கிள் நிறுத்தும் முன்வாசலில் கூரை இரும்பில் கட்டித் தொங்கவிட்டேன். மகள் ஒரு குத்துதான் விட்டாள். விரல் முட்டியில் தோல் உரிந்துவிட்டது.

“புள்ளைக்கு கோவம் கொறையணுமா, கை ஒடையணுமா?” என்றாள் மனைவி. மணலைக் கொட்டிவிட்டுப் பழைய துணிகளைத் திணித்தேன். என் கால்சட்டைகள், ஜன்னல் திரை, மனைவியின் தொழிற்சாலைச் சட்டைகள் எல்லாம் அதில் போயின. உர வாடை மட்டும் போகவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி கட்டி தொங்க விட்டிருக்கீங்க? யாராச்சும் ஏதாச்சும் வச்சிட்டாங்களா?”

“இல்லக்கா. புள்ளைக்கு.”

“அதானே பாத்தேன் லா, போன வாரமே முகம் சரியில்ல. மந்திரிச்சீங்களா?”

“கோவத்துக்குக்கா. குத்துறதுக்கு.”

அக்கா கொஞ்சம் யோசித்தார். “என் வீட்டுக்காரர் போட்டோவ அதுமேல ஒட்டுங்க. நானும் வர்றேன்.”

மகள் பள்ளி விட்டு வந்ததும் சீருடையோடு குத்துவாள். மூட்டை ஆடி மோட்டார் கண்ணாடியில் இடித்ததால், நான் பின்னால் நின்று கட்டிப் பிடித்துக்கொள்வேன். அவள் குத்துகள் துணி வழியாக என் வயிற்றுக்கு வரும். பதினைந்தைத் தாண்டினால் அவள் முகம் இன்னும் சிவக்கும். இருபது முடிந்து மூச்சு விடச் சொன்னால் மாடு மாதிரி மூக்கால் விடுவாள்.

“ஆடாம புடிங்கப்பா.”

“நீ கொஞ்சம் மெதுவா குத்தேம்மா.”

“மெதுவா குத்துனா அதுக்குப் பேரு தடவுறது.”

அதற்கு மேல் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. மூன்று வாரம் அவள் யாரையும் அடிக்கவில்லை. மூட்டை வேலை செய்கிறது என்று மனைவி தொழிற்சாலையில் எல்லாரிடமும் சொன்னாள். வேலை செய்ததா என்று எனக்குத் தெரியவில்லை. முதல் நாள் எவ்வளவு கோபத்தோடு வந்தாளோ, அவ்வளவு கோபத்தோடுதான் தினமும் வந்தாள்.

அந்த வருடம் ஆயுத பூஜை சனிக்கிழமை விழுந்தது. வேலைச் சாமான்களைக் கழுவிப் பொட்டு வைத்துவிட்டால் அன்று முழுக்க அவற்றைத் தொடக் கூடாது. மனைவி சந்தனக் கிண்ணத்தோடு வீட்டைச் சுற்றி வந்தாள். என் உர வாளி, மோட்டார், தையல் மிஷின், மகளின் புத்தகங்கள். கடைசியில் மூட்டைக்கு முன்னால் நின்றாள். அதன் நெற்றி என்று அவள் நினைத்த இடத்தில் மூன்று கோடு விபூதி பூசி, சந்தனமும் குங்குமமும் வைத்து, மீந்திருந்த பூவைக் கழுத்தில் சுற்றினாள். மூட்டைக்குக் கழுத்து இருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

“அதுக்கு எதுக்கு?” என்றேன்.

“அதுவும் உழைக்குது இல்ல?”

சாயங்காலம் நானும் மகளும் முன்வாசலில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பின் வரிசை வீட்டுப் பையன் ஒருவன் சைக்கிளில் வந்து எங்கள் வாசல் கேட்டுக்கு எதிரே நின்றான். என்னைப் பார்த்துக் கைகட்டித் தலையைக் குனிந்து, “ஆமா டீச்சர்!” என்று கத்திவிட்டுப் போனான். பூஜை நாளில் வணக்கம் சொல்கிறான் என்று நினைத்து நான் கையைத் தூக்கினேன்.

மகள் எழுந்து மூட்டைக்கு ஓடினாள். முஷ்டியை ஓங்கியவள் பொட்டைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“அம்மா! இதுக்கு ஏம்மா பொட்டு வச்சீங்க? இப்ப எத குத்துறது?”

“இன்னைக்கு ஒரு நாள் விடுடி. சாமி கும்பிட்டாச்சு,” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

மூட்டையைச் சுற்றிப் பார்த்தாள். பின்பக்கமும் பூ தொங்கியது. ஓங்கிய கையை இறக்காமலே கேட்டைத் திறக்கப் போனாள். அவள் அடித்த பையன் அவன்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் போய்க் கேட்டில் முதுகைச் சாய்த்து நின்றேன்.

“எங்க போற?”

“அவன் மூக்க ஒடைக்க.”

“ஸ்கூல விட்டு அனுப்பிடுவாங்கம்மா.”

“அனுப்பட்டும்.”

“அவன் உன்ன என்ன செஞ்சான்?”

“என்னய இல்ல. உங்களைத்தான்!” அவள் குரல் தெருவுக்கே கேட்டது. “அதுக்கெல்லாம் முன்னாடி ஒரு தடவ என் ரிப்போட் கார்டு எடுக்க வந்தீங்க இல்ல? நீங்க அப்பாவா, மாமாவான்னு டீச்சர் கேட்டாங்க. நீங்க ஆமா டீச்சர்னு சொன்னீங்க. கிளாசே சிரிச்சிச்சு. அன்னையிலேர்ந்து தெனமும் என் மேசைக்கு முன்னால வந்து கைய கட்டிட்டு உங்கள மாதிரி நிக்கிறான்.”

அந்தக் கேள்வி எனக்கு ஞாபகம் இருந்தது. சரியான பதிலைத்தான் சொன்னேன் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

“ஏம்மா சொல்லல?”

“உங்ககிட்டயே எப்படிப்பா சொல்றது? நீங்கதான் காரணம் இல்லன்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டீங்களே.”

அவள் கை இறங்கிவிட்டது. அழவில்லை. சுண்டலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டிலேயே சாய்ந்திருந்தேன்.

எங்கள் மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பள்ளி உண்டு. மனைவி, “நான் லீவு போட்டு வரட்டா?” என்றாள். வேண்டாம் என்றேன். பெரட்டுக்குப் போகாமல், சொல்ல வேண்டியதை மோட்டாரில் போகும் வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பின்னால் உட்கார்ந்திருந்த மகள், “என்னப்பா?” என்று இரண்டு முறை கேட்டாள்.

கட்டொழுங்கு ஆசிரியை நிமிர்ந்து பார்த்து, “மறுபடியும் அடிச்சிட்டாளா?” என்றார்.

ஆமா என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. அதை அடக்கினேன்.

“இல்ல டீச்சர். அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன். புள்ளகிட்ட நான் கேக்கவே இல்ல. காரணம் இருக்கு.”

சொன்னேன். அப்பாவா, மாமாவா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஆசிரியை உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பு என்று நினைக்கிறேன். பிறகு பையனைக் கூப்பிட்டனுப்பினார். அவன் என்னைக் கண்டதும் நிஜமாகவே கைகட்டித் தலையைக் குனிந்தான். கேட்டதற்கு எல்லாம், “ஆமா டீச்சர்” என்று ஒப்புக்கொண்டான்.

அவன் மன்னிப்புக் கேட்டான். ஆசிரியை என் மகளைப் பார்த்து, “நீயும் கேளு. கோபப்பட்டதுக்கும் அடிச்சதுக்கும்” என்றார்.

“அடிச்சதுக்கு சாரி,” என்றாள் மகள். அதோடு நின்றாள்.

“கோபப்பட்டதுக்கு?”

மகள் சுவரைப் பார்த்தாள். ஆசிரியை என்னிடம், “நீங்க சொல்லுங்க சார், அவகிட்ட” என்றார்.

“அது வேணாம் டீச்சர்,” என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. “அவ கோவப்பட்டது சரிதான்.”

ஆசிரியை புத்தகத்தைப் புரட்டி, பழைய வரியைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் எதையோ எழுதினார். மகள் இங்கேயே படிக்கலாம், இனி அவன் சீண்டினால் நேராகத் தன்னிடம் வரவேண்டும் என்றார். பிள்ளைகள் இருவரையும் வகுப்புக்கு அனுப்பிவிட்டு, அடித்த ஃபோனை எடுத்துப் பேசிக்கொண்டே வேறு அறைக்குப் போய்விட்டார்.

நீங்கள் போகலாம் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. வராந்தாவில் ஒரு தூண் ஓரமாக நின்றேன். ஓய்வு மணி அடித்தது. சாப்பாட்டு டப்பாவோடு ஓடிவந்த மகள் என்னைப் பார்த்து நின்றாள்.

“அப்பா, இன்னும் போகலையா?”

“இல்லம்மா.”

“போங்கப்பா. ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

போனேன்.