ஹம்பருக்கு வழிவிட்டவள்

அறுபதாவது வயதில் நல்லமுத்துவுக்குக் கார் வாங்கும் ஆசை வந்தது. தேயிலைத் தோட்டத்து லாரியை இருபத்தாறு வருஷம் ஓட்டிவிட்டு அந்த மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தான். "இந்த வயசுல வேற எந்த ஆச வந்திருந்தாலும் ஒத்துக்கலாம்" என்று பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அழகன், வரிசை வீடுகளான அந்த லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தான். சிரித்துவிட்டுப் போகட்டும். நல்லமுத்து ஆசைப்பட்டது ஏதோ ஒரு காருக்கா என்ன? வெள்ளைக்காரத் துரை ஏறிப்போன கறுப்பு ஹம்பருக்கு! தோல் சீட்டு, ஸ்டியரிங்குக்கு முன்னால் முகம் தெரிகிற பளபளப்பில் மரப்பலகை, சாத்தினால் பங்களாக் கதவு மாதிரிச் சத்தம் போடும் கதவு. அந்தக் காலத்தில் திம்புள்ளப் பக்கம் அதற்கு ஈடாக இன்னொரு வண்டி கிடையாது.

அதை எட்டு வருஷம் ஓட்டியவனே நல்லமுத்துதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் துரை சீமைக்குப் போகும்போது, ஹட்டன் டவுனில் இருந்த யாழ்ப்பாணத்து டாக்டர் பாலச்சந்திரனுக்கு விற்றுவிட்டுப் போனார். நல்லமுத்து லாரிக்கு மாறினான். இப்போது டாக்டரும் கிழமாகி, பிள்ளைகளோடு கொழும்பில் இருக்கப் போகிறார். ஒருநாள் காலையில் ஆளனுப்பிக் கூப்பிட்டார்.

"கொழும்பிலை இதை எங்கை கொண்டுபோய் விடுறது, நல்லமுத்து? தெரியாத ஆளிட்டைக் குடுத்தால் இரும்புக்கு உடைச்சுப்போடுவான். நீர் எடும். ஒரு பழைய ஆட்டோவின்ரை விலை தந்தால் போதும்."

"நெசமாத்தான் சொல்றீங்களா ஐயா?"

"இண்டைக்கே கொண்டுபோம். மனுசியை ஏத்தி ஒரு ஓட்டம் ஓடிப்பாரும். நாளைக்கு வந்து முடிவைச் சொல்லும்."

மனுசியை ஏற்ற வேண்டும் என்பதற்காகத்தான் அவனுக்குக் காரே வேண்டியிருந்தது. அது டாக்டருக்குத் தெரியாது. லயத்திலும் யாருக்கும் தெரியாது.

அவன் மனைவி ராக்காயிக்குப் பனிக்காலம் வந்தால் மூச்சிழுப்பு வரும். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பவள் அப்படியே செடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை மிகவும் முற்றிப்போய், லாரியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். லாரியை ஓட்டியவன் நல்லமுத்து. ஆனால் முன் சீட்டு தோட்டத்து மருந்துக்காரருக்கு. தொழிலாளி பின்னால்தான், அதுதான் வழக்கம். அவள் கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவே கிடந்தாள். மழை வேறு. ஓட்டுகிறவனுக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று தெரியாது. ரோடு வளைகிற ஒவ்வொரு முடக்கிலும் அவன் முதுகுப்பக்கத்துப் பலகையைத் தட்டி, "ராக்காயி!" என்று கத்தினான். அவள் உள்ளேயிருந்து ஒரு தட்டு தட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இருபத்திரண்டு முடக்கு. பதினெட்டாவது முடக்கில் தட்டு வரவில்லை. அதற்கடுத்த முடக்கில் தட்டு கேட்கும் வரைக்கும் அவன் செத்துப் பிழைத்தான்.

அவள் பிழைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவனுக்கு ஒரே எண்ணம். அடுத்த தடவை ராக்காயி பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும். அவள் மூச்சு விடுவதை அவன் கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும்.

ஹம்பரைத் துடைத்து, தண்ணீர் ஊற்றி, சாயங்காலம் கொழுந்தைத் தராசில் நிறுத்து முடிகிற நேரத்துக்குத் தோட்டத்துக்குள் ஓட்டி வந்தான். அவளிடம் மூச்சு விடவில்லை. நேராகப் போய் முன்னால் நிறுத்தி அசத்திவிட வேண்டும் என்று நினைப்பு. தூறல் விழுந்துகொண்டிருந்தது, கண்ணாடியெல்லாம் புகைபடிந்த மாதிரி இருந்தது. தேயிலை ஆலையான ஸ்டோரைத் தாண்டி மேல் ரோட்டில் ஏறியதும் பெண்கள் கூட்டமாக வருவது தெரிந்தது. சின்னப் பெண்கள் ரோட்டோரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். நாற்பது தாண்டியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மறுபேச்சில்லாமல் ரோட்டை விட்டு இறங்கி, தண்ணீர் ஓடுகிற வடிகால் கானுக்குள் நின்றார்கள். துரையின் கார் வந்தால் அப்படித்தான் நிற்க வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சட்டம். சட்டம் போட்டவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது.

கடைசியாக நின்றவள் ராக்காயி. முட்டி வரைக்கும் குளிர்ந்த தண்ணீர். இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு நனைகிறது. தலை குனிந்திருக்கிறது.

காரை நிறுத்தினான். அவள் நிமிரவில்லை.

"சலாங்க தொரை" என்றாள்.

நல்லமுத்து கதவைக்கூடச் சாத்தாமல் ஓடினான். "ஏ புள்ள, நாந்தான்! மேல ஏறு! இந்தக் குளுருல தண்ணிக்குள்ள நிக்கிறியே!"

அவள் திடுக்கிட்டுப் பார்த்து, பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "ஐயோ, நீங்களா! வண்டியப் பாத்ததும் எறங்கிட்டேன்."

"தொரை போயி இருபத்தாறு வருசமாச்சுடி."

"எனக்குத் தெரியுதுங்க. என் காலுக்குத் தெரியலையே."

அவன் கை கொடுத்தான். ஏறிக்கொண்டே அவள் சொன்னாள்: "கல்யாணமான புதுசுலயும் இதே எடத்துலதான் நிப்பேன். நீங்க தொப்பியெல்லாம் போட்டு ஓட்டிக்கிட்டு வருவீங்க. இன்னைக்காச்சும் நம்ம பக்கம் திரும்பிப் பாப்பாரான்னு இருக்கும். ஒரு நாளும் பாக்கல."

குறையாகச் சொல்லவில்லை, கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் எட்டு வருஷம்! டிரைவர் ரோட்டைத்தான் பார்க்க வேண்டும் என்று துரை சொல்லியிருந்தார். அவனும் பார்த்தான். கானில் நின்றவர்கள் அவனுக்கு ரோட்டோரத்துத் தேயிலைச் செடி மாதிரிதான். அதில் ஒருத்தி காலையில் தனக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தவள் என்று தோன்றவே இல்லை.

"சாமி சத்தியமா தெரியாது புள்ள" என்றான்.

"சரி, தெரிஞ்சிருந்தா நிப்பாட்டியிருப்பீங்களாக்கும்?"

அவன் முன் கதவைத் திறந்துவிட்டான். அவள் கூடையைப் பின்னால் வைத்துவிட்டு, காலைப் படங்கில் துடைத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு வருஷமாக அவன் ஆசைப்பட்டது அதுதான். மூச்சு சீராக வருவது தெரிந்தது. சந்தோஷமாக வண்டியை எடுத்தான்.

முதல் முடக்கிலேயே அதே லயத்து நாகலெட்சுமி புல்லுக்கட்டோடு கானில் இறங்கினாள். "நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க!" என்றாள் ராக்காயி. கண்ணாடியை இறக்கி, "அக்கா, நாந்தான்க்கா! மேல ஏறுங்க!" என்று கத்தினாள். நாகலெட்சுமி நம்பாமல் நின்றாள். அடுத்த முடக்கில் இன்னும் இரண்டு பேர். கோவிலடியில் கண் மங்கிய ஒரு கிழவர் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நல்லமுத்து இறங்கிப்போய் அதை வாங்கி அவர் தலையில் கட்டிவிட்டு வந்தான். லயத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒன்பது இடத்தில் நிறுத்தியாகிவிட்டது.

வாசலில் எஞ்சினை அணைத்ததும் ராக்காயி அந்த மரப்பலகையை ஒருமுறை தடவினாள்.

"நல்ல வண்டிதாங்க. மெத்தை மாதிரி இருக்கு" என்றாள். பிறகு, "நமக்கு வேணாங்க. ஆஸ்பத்திரிக்குப் போற வழியெல்லாம் நிப்பாட்டி நிப்பாட்டி மன்னிப்புக் கேட்டா நான் போயி சேந்த மாதிரிதான்."

அவன் எப்போதோ அந்த முடிவுக்கு வந்துவிட்டான். அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தான்.

மறுநாள் சாவியைக் கொடுத்தபோது டாக்டர் ஏன் என்று கேட்டார். "எங்க ரோட்டுக்கு ஒத்து வராதுங்கய்யா" என்று மட்டும் சொன்னான்.

அந்த வருஷப் பனிக்கு முன்னால் பழைய ஆட்டோ ஒன்று வாங்கினான். சிவப்பு நிறம், மழை பெய்தால் ஒரு பக்கம் ஒழுகும். ராக்காயி அதில் பின்னால்தான் உட்கார வேண்டும். முதல் தடவை கிளினிக்குக்குப் போனபோது மேல் ரோட்டில் நாகலெட்சுமி புல்லுக்கட்டோடு நட்டநடுவே நடந்துகொண்டிருந்தாள். நல்லமுத்து ஹோர்ன் அடித்தான். நகரவில்லை. இன்னொரு தடவை அடித்தான்.

"கண்ணு தெரியலையா? ஆளு போறது தெரியல?" என்று திரும்பி நின்று திட்டினாள் நாகலெட்சுமி. "பெரிய தொரைன்னு நெனப்பு!"

ராக்காயி சிரித்த சிரிப்பில் அவளுக்கு இருமலே வந்துவிட்டது. நல்லமுத்து பதறி, "ராக்காயி!" என்றான். அவள் பின்னாலிருந்து கையை நீட்டி அவன் முதுகில் ஒரு தட்டு தட்டினாள். அவன் கானோரமாக ஆட்டோவை ஒதுக்கி, நாகலெட்சுமிக்கு வழி விட்டான்.