அண்ணியின் இடப்பக்கம்

அந்தப் பெண் பொம்மைக்கு ஒரு காதில் தோடு இல்லை. சாண் உயரப் பொம்மை, பூவரச மரம். உப்புத்தாளைச் சுருட்டிக் கழுத்தடியில் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் பார்த்தேன். எனக்கு வலப்பக்கம் இருந்த காதில் தோடும் அதன் நடுவில் கடுகளவு கல்லும் இருந்தன. இடப்பக்கக் காது வெறுமனே இருந்தது, யாரோ கூப்பிட, செதுக்கியவர் பாதியில் எழுந்து போய்விட்டதைப்போல.

செதுக்கியவர் என் கணவரின் அக்கா. அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாணம் செய்துகொள்ளாதவர். காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு முழுக்கத் தறிச் சத்தம்; எங்கள் வீட்டில் மட்டும் உளிச் சத்தம். அண்ணி செதுக்குவார். நான் தேய்த்து, எண்ணெய் பூசி, பெட்டியில் வைத்துக் கட்டுவேன். எங்களிடம் வாங்குகிறவர்களில் பலர் பொம்மை சேகரிப்பவர்கள். வருடக்கணக்காக அண்ணியின் பொம்மைகளையே வாங்கிக் கண்ணாடி அலமாரியில் அடுக்குகிறவர்கள், பெட்டியைப் பிரித்ததும் பூதக்கண்ணாடியைத் தேடுகிறவர்கள். அவர்களுக்குப் போகிற பொம்மையில் அண்ணி ஒரு தோட்டை மறப்பாரா?

கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் கை தவறி நான் பார்த்ததில்லை. சொன்னால் அவர் முகம் என்னவாகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அவர் குளிக்கப் போன நேரத்தில் சின்ன உளியை எடுத்து நானே அந்தத் தோட்டைச் செதுக்கிவிட்டேன்.

அடுத்த பொம்மையில் ஒரு கையில் வளையல் இல்லை. அதற்கடுத்ததில் ஒரு புருவம் இல்லை. எல்லாம் அதே பக்கம். அப்புறம் நான் பொம்மைகளை விட்டு அண்ணியைப் பார்க்க ஆரம்பித்தேன். சாப்பிட்டு எழுந்திருப்பார், தட்டின் இடது பாதியில் பொரியல் தொடாமல் கிடக்கும். அறைக்குள் போகும்போது இடது தோள் கதவு நிலையில் இடிக்கும். "இந்த நிலைய எவன் நகத்தி வச்சான்?" என்று தோளைத் தேய்த்துக்கொண்டே சிரிப்பார். நானும் சிரிப்பேன். அவருக்கு ஏதோ ஆகிறது என்று தெரிந்தது, தெரியத் தெரிய வாய் இறுகிக்கொண்டது. பொம்மையைச் சரிசெய்தால் அண்ணியும் சரியாகிவிடுவார் என்பதுபோல, அவர் அசந்த நேரம் பார்த்து நான் செதுக்கிக்கொண்டே இருந்தேன். என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

ஒருநாள் காலை, ஓரிக்கைப் பக்கம் ஒரு மரவாடிக்குக் கட்டை பார்க்கப் போனோம். திரும்பும்போது சாலையைக் கடக்க வேண்டியிருந்தது. அண்ணி முன்னால் போனார். பாதிச் சாலை தாண்டியதும் இடப்பக்கமிருந்து ஒரு பேருந்து வந்தது. ஹாரன் காதைப் பிளந்தது. அண்ணி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. காலியான தெருவில் நடப்பதுபோல அடுத்த அடியை எடுத்து வைத்தார். முந்தானையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் நடுச்சாலையில் விழுந்தோம். பேருந்தின் காற்று முகத்தில் அறைந்து போனது.

அண்ணி என்னைப் பார்த்தார். "எங்கேர்ந்துடி வந்துச்சி அந்த பஸ்ஸு?"

அவரை எழுப்பி, கையைப் பிடித்தே ஓரத்துக்குக் கூட்டிப் போனேன்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். அன்று விடிந்ததும் அவர் செதுக்கி முடித்த, நான் இன்னும் தொடாத பொம்மை பலகையில் இருந்தது. அதை எடுத்து அவர் கையில் கொடுத்து, "கண்ண மூடிக்கினு தடவிப் பாருங்க அண்ணி" என்றேன். கட்டைவிரல் நெற்றியில் தொடங்கி, மூக்கில் இறங்கி, வலப்பக்கக் கன்னம், காது, தோடு என்று போனது. பிறகு இடப்பக்கம் வந்தது. கன்னத்தில் நின்றது. மறுபடி மேலே போய் இறங்கியது. அங்கே காதே இல்லை.

கண்ணைத் திறக்காமலே கேட்டார். "எத்தினி?"

"இதோட சேத்து பன்னெண்டு."

"மிச்சத்துக்கெல்லாம் நீயே வச்சி அனுப்பிட்டியா?"

"ஆமா அண்ணி."

கத்துவார் என்று நினைத்தேன். அவர் பொம்மையை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். "பயமா இருக்குதுமா" என்றார். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

பக்கத்துத் தெருவில் கூலிக்கு நெய்துகொண்டிருந்த என் கணவர் தறியை அப்படியே விட்டுவிட்டு வந்தார். அன்றைக்கே ஸ்கேன் எடுத்தோம். மறுநாள் சென்னையில் பெரிய மருத்துவர், அண்ணியை நேரே பார்க்கச் சொல்லிவிட்டு இடப்பக்கம் ஒரு விரலை ஆட்டினார். "தெரியுதாம்மா?" "எது?" என்றார் அண்ணி. மூளையின் வலப்பக்கத்தில் எலுமிச்சம்பழ அளவு கட்டி. பல வருடமாக மெல்ல வளர்ந்திருக்கிறதாம். பார்த்தால் புற்று மாதிரி இல்லை, ஆனால் எடுத்தே ஆக வேண்டும் என்றார்.

அண்ணியை வெளியே உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் திரும்பப் போய்க் கேட்டேன். "எனக்கு ரெண்டு மாசமா தெரியும் டாக்டர். அப்பவே கூட்டிக்கினு வந்திருந்தா?"

அவர் ஸ்கேன் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். "சொல்ல முடியாதும்மா" என்றார்.

அந்தப் பதில் இன்னும் என்னோடு இருக்கிறது. உன்னால்தான் என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், இல்லை என்றிருந்தால் தூங்கியிருப்பேன். அவர் இரண்டும் சொல்லவில்லை.

தலையை மழித்து உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடும் முன் அண்ணி வலது கையைத் தூக்கி விரல்களை மடக்கி விரித்துக் காட்டினார். கை வேலை செய்கிறதா என்று தனக்கே காட்டிக்கொண்டாரா, எனக்கு ஏதாவது சொன்னாரா, தெரியாது. காலையில் மூடிய கதவு சாயங்காலம்தான் திறந்தது. அதுவரை என் கணவரும் நானும் அந்தக் கதவுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தோம். நான் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டமாட்டாரா என்று இருந்தது.

அண்ணி பிழைத்தார். புற்று இல்லை என்று அறிக்கை வந்தது. ஆனால் இடப்பக்கப் பார்வை திரும்பவில்லை, இனி திரும்பாது என்றும் சொல்லிவிட்டார்கள். நாலு மாதம் உளியைத் தொடவில்லை. பிறகு ஒருநாள் தானாகவே பலகை முன் உட்கார்ந்தார். இப்போது பொம்மையைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பித்தான் செதுக்குகிறார். முடித்ததும் கட்டைவிரலால் நெற்றியிலிருந்து பாதம் வரை ஒருமுறை போய் வருவார். முன்பு மாதம் ஆறு பொம்மை என்றால் இப்போது இரண்டு. பொம்மை கைக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது இடப்பக்கத்தைத்தான். எதுவும் விடுபட்டிருக்காது. பார்த்து முடிக்கும்வரை எனக்கு மூச்சு வராது.

போன மாதம் வருடாந்தர ஸ்கேனுக்குப் போயிருந்தோம். கட்டி மறுபடி வளரவில்லை என்று அவர்கள் சொல்லும்வரை எங்களுக்கு ஒவ்வொரு வருடமும் இதே பயம்தான். மருத்துவமனை நடையில் நீள பெஞ்சு. நான் வழக்கம்போல அவர் கண்ணுக்குத் தெரிகிற வலப்பக்கம் உட்காரப் போனேன்.

"இங்க வேணாம். அந்தாண்ட உக்காரு" என்றார்.

"அங்க உக்காந்தா நான் உங்களுக்குத் தெரியமாட்டேனே அண்ணி."

"தெரியற பக்கத்த நானே பாத்துக்கறேன். அந்தப் பக்கம் யாரு இருக்காங்க, இன்னா வருதுன்னே தெரியல. நீ இருந்தா பரவால்ல."

எழுந்து போய் அவருடைய இடப்பக்கம் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து அவர் பெயரைக் கூப்பிட இன்னும் நேரம் இருந்தது. அவர் நேரே கதவைப் பார்த்துக்கொண்டே இடது கையை மெல்ல நீட்டி, என் மணிக்கட்டைத் தடவிக் கண்டுபிடித்து, பிடித்துக்கொண்டார்.