சம்பா நடவும் ஒரு எரிமலையும்

என் தம்பிக்கு வேலை எரிமலையில். கடல் தாண்டி ஒரு தீவில், என்றோ வெடித்து, உள்வாங்கி, பெரும் பள்ளமாகிப்போன மலை. அந்தப் பள்ளத்தைச் சுற்றி மண்ணில் கருவிகளை ஊன்றி, நில அதிர்வின் அலைகள் வந்து சேரும் நேரத்தை வைத்து, அடியில் பாறைக்குழம்பு எங்கே தேங்கிக் கிடக்கிறது என்று படம் எடுப்பார்கள். குழம்புக்குள் நுழைந்ததும் அலை தளர்ந்துவிடுமாம், உளைச்சேற்றில் நடக்கிறவன் மாதிரி.

விடுப்பில் வந்தவன் அப்பாவுக்குக் காட்ட ஒரு கருவி கொண்டுவந்தான். உள்ளங்கையளவு, கீழே ஓர் ஆணி. வரப்பில் ஊன்றி, ஒயரை மடிக்கணினியில் சொருகி, "மிதிங்கப்பா" என்றான். மிதித்தார். திரையில் கோடு துள்ளியது. வாய்க்காலுக்கு அந்தப்புறம் மாடு மேய்த்தவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கம் வயலில் ஒயரைக் கண்டாலே ஆகாது. முன்பு எரிவாயு தேடியவர்கள் இதே ஆணியும் ஒயருமாக வந்துதான் குழி தோண்டி வெடி வைத்தார்கள். அவர்களை விரட்ட ஊரே ரோட்டில் உட்கார்ந்தது. அப்பா முன்வரிசையில்.

மறுநாள் எங்கள் நடவுக்கு ஒருத்தியும் வரவில்லை. பறித்துக் கட்டிய நாற்று முடிகள் வெயிலில் வதங்கின. ஆள் கூட்டிவரும் அக்காவின் வாசலுக்குப் போனோம்.

"தம்பி கேஸ் கம்பெனியாமே?"

தம்பி செல்போனில் படத்தைக் காட்டினான். நீலத்துக்கு நடுவே சிவப்புத் திட்டு. "இது எரிமலைக்கு அடியில இருக்கற குழம்புக்கா."

"நல்லாத்தான் கொதிக்குது. நம்ம வயலுக்கு அடியிலயும் பார்த்தாச்சா?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். பங்காளி ஒருவர் அப்பாவைக் காட்டித் தீர்ப்பு சொன்னார்: "பெரியப்பா அய்யனார் முன்னாடி சூடம் அடிச்சு சத்தியம் பண்ணட்டும், மகன் அந்த வேலையா வரலைன்னு. நாளைக்கே ஆள் இறங்கும்."

கோயிலில் சூடம் எரிந்தது. அப்பா கையை நீட்டவில்லை.

"இவன் என்ன வேலை பார்க்கறான்னு எனக்கு எங்க தெரியும்? தெரியாததுக்கு நான் கை வைக்க மாட்டேன்."

"அப்பா, நேத்து காட்டினேனேப்பா."

"காட்டின. கோடு ஆடுச்சு. அவனுங்களும் அதைத்தான் காட்டினானுங்க."

சூடம் தானாக அணைந்தது. கறுத்த கல்லைப் பார்த்தபடியே அப்பா சொன்னார்: "நீ ஊரை விட்டுக் கிளம்புடா. நாத்து காயுது."

விடிந்ததும் பெண்கள் இறங்கினார்கள். தம்பி பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வரப்போடு போனான். அந்த அக்கா நிமிர்ந்து குரல் கொடுத்தாள்:

"ஏன் தம்பி, அந்த எரிமலையிலயாவது உங்களை நம்புவாங்களா?"

வரிசை முழுக்கச் சிரிப்பு. அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அடுத்த முடியை எடுத்து அவர்களுக்கு முன்னால் சேற்றில் எறிந்தார்.