நாவலப்பிட்டி மலையில் ஒரு தேயிலை பெக்டரியும் என் வயிற்றெரிச்சலும்

போன மாதம் ஒரு புதன்கிழமை நான் நாவலப்பிட்டிக்குப் போனேன். ஊர் பார்க்கப் போகவில்லை. போய்ப் பார்த்துப் படித்துக்கொண்டு வா என்று அனுப்பினார்கள்.

புதிதாக வாசிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கண்டிக்குக் கிட்ட கட்டுகஸ்தோட்டைப் பக்கம் மிளகு, கறுவா, மசாலாத் தூள் பொதி செய்யும் ஒரு பெக்டரியில் நான் பாதுகாப்பு உத்தியோகத்தர், வேலையாட்களுக்கு விபத்து வராமல் பார்ப்பது என் பொறுப்பு. லீவு கிடைத்தால் ஊர் சுற்றுவேன், சுற்றியதை இங்கே எழுதுவேன். இரண்டு வேலையும் ஒன்றாக வந்தது இதுதான் முதல் தடவை.

எங்கள் மெனேஜர் காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார்: "நாவலப்பிட்டிப் பக்கம் ஒரு தேயிலை பெக்டரியில பாதுகாப்புப் பதிவெல்லாம் சட்டப்படி அப்பிடியே இருக்காம். பரிசோதனைக்கு வந்த அரசாங்கப் பொறியியலாளரே மெச்சிட்டுப் போயிருக்கார். வாசுகி, நீங்க ஒருக்கா போய்ப் பார்த்துட்டு வாங்க." அங்கே பாதுகாப்பு உத்தியோகத்தர் யார் என்று கேட்டேன். பர்ஹானா என்றார்.

பர்ஹானாவும் நானும் பேராதனையில் சனிக்கிழமைகளில் நடந்த பாதுகாப்பு வகுப்பில் ஒன்றாகப் படித்தவர்கள். ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருப்போம். சோதனையில் நான் முதலாவது, அவள் ஏழாவது. அவள் குறிப்பு எடுக்காத நாட்களில் என் கொப்பியைத்தான் கொண்டுபோவாள். அவளிடம் போய் நான் படிக்க வேண்டுமாம். அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

கண்டியில் காலை 6.40க்கு நாவலப்பிட்டி பஸ் எடுத்தேன். சுமார் நாற்பது கிலோமீட்டர், டிக்கட் நூற்றுத் தொண்ணூறு ரூபாய். பேராதனை வரைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் கெம்பஸ் பிள்ளைகளும் நெருக்குவார்கள், அதற்குப் பிறகு இருக்க இடம் கிடைக்கும். கம்பளையைத் தாண்டியதும் மகாவலி பாதையோடு கூடவே வரும். நல்ல காட்சிதான். நான் பார்க்கவில்லை. என் பெக்டரி வாசலில் இருக்கும் பெரிய பலகையை நினைத்துக்கொண்டு வந்தேன்: "விபத்து இல்லாத நாட்கள் 612". அவளிடம் அப்படி ஒன்று இருக்காது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

8.15க்கு நாவலப்பிட்டி. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டியும் கட்டச்சம்பலும் பிளேன்டீயும். ரொட்டி சூடு, சம்பல் நல்ல உறைப்பு. போகிறவர்கள் இங்கேயே சாப்பிட்டுவிடுங்கள், மேலே கடை கிடையாது. அங்கிருந்து பெக்டரிக்கு ஒன்பது கிலோமீட்டர். ஆட்டோவுக்கு ஆயிரத்து நூறு பேசினேன். ஓட்டியவர் முருகேசு என்பவர், அதே தோட்டத்து ஆள்.

"பர்ஹானா மிஸ்ஸப் பார்க்கவா போறீங்க?" என்றார், நான் சொல்வதற்கு முன்பே.

"எப்படித் தெரியும்?"

"பெக்டரிக்குப் புதுசா யார் வந்தாலும் அந்த மிஸ்ஸப் பார்க்கத்தாங்க வாறாங்க. எங்க வீட்டுக்காரி ரோலர் ரூம்ல வேலை. பெல்ட்ல மாட்டி ரெண்டு விரல் போயிருச்சு. தோட்டத்துல அப்பிடியே அமுக்கப் பார்த்தாங்க. இந்த மிஸ் அப்பதான் புதுசா வந்தவங்க. அவங்கதான் பரிசோதகருக்கு எழுதி, நட்டஈடு எடுத்துக் குடுத்து, திரும்ப வேலைக்கும் எடுத்தாங்க."

வளைவுக்கு வளைவு அவர் அவளைப் புகழ்ந்தார். நான் முகம் சுளித்தது பாதையின் வளைவுகளால் என்று அவர் நினைத்திருப்பார். "எலுமிச்சங்கா இருக்கு, மோந்து பார்க்கிறீங்களா?" என்று கேட்டார்.

பர்ஹானா வாசலுக்கே வந்தாள். "வா வாசுகி, இவ்வளவு நாளைக்குப் பிறகு சரி வந்தியே! என்னடி இப்பிடி மெலிஞ்சி ஈக்கிறாய்?" கட்டிப்பிடித்தாள். நான் அவள் தோளுக்கு மேலால் தீயணைப்பு சிலிண்டரில் கட்டியிருந்த துண்டுச்சீட்டில் திகதியைப் பார்த்தேன். காலாவதி ஆகவில்லை.

உள்ளே போனதிலிருந்து நான் தேடியது குறை ஒன்றைத்தான். கொழுந்தை வாட்டும் மாடியில் பலகை ஓட்டை இருக்கிறதா, வெளியேறும் வழியில் மூட்டை அடுக்கியிருக்கிறார்களா, சலிக்கும் அறையில் தூசுக்கு முகக்கவசம் போட்டிருக்கிறார்களா. எல்லாம் சரியாக இருந்தது. ஒவ்வொன்று சரியாக இருக்கும்போதும் எனக்குக் கோபம் ஏறியது. அவளுடைய மேசைக்குப் பக்கத்தில் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே மலை. என் மேசை ஸ்டோருக்குள் மிளகாய்த் தூள் மூட்டைகளுக்கு நடுவில். அதற்கும் கோபம்.

உருட்டும் அறையில், முருகேசு சொன்ன அந்த ரோலர் ரூமில்தான், கிடைத்தது. மூன்றாவது மெஷினின் பெல்ட் மூடியில் ஒரு போல்ட் இல்லை. மூடி ஒரு பக்கம் தொங்கியது. அந்த நேரம் பெக்டரி மெனேஜரும் கூட வந்திருந்தார். நல்ல சத்தமாகக் கேட்டேன்: "பர்ஹானா, இது என்ன? ஆள் கை போனா யார் பொறுப்பு?"

மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். இடது கையில் இரண்டு விரல் இல்லை. "காலையில ஆறரைக்கே பார்த்து கார்ட் எழுதிப் பெட்டியில போட்டேங்க மிஸ். கரண்டை நிப்பாட்டிப் பூட்டுப் போட்டிருக்கு. அந்தா பாருங்க, சிவப்புத் துண்டு. மெஷின் திருத்துற பிட்டர் பதினொரு மணிக்கு வாறாரு."

சுவிட்சில் பூட்டும் "போட வேண்டாம்" என்று எழுதிய சிவப்புத் துண்டும் தொங்கின. நான் மூடியைப் பார்த்தேனே தவிர சுவிட்சைப் பார்க்கவில்லை. பேராதனையில் முதல் நாளே படித்த பாடம் அது. மெனேஜர் என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். பர்ஹானா சிரிக்கவில்லை. "நல்லாப் பார்த்தாய்" என்று மட்டும் சொல்லி என்னை அங்கிருந்து கூட்டிக்கொண்டு போனாள். அவள் கேலி செய்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அவளுடைய அறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு பதிவேடுகளைப் பார்த்தேன். அரசாங்கப் பதிவேடு ஒன்று. காயம் படாமல் மயிரிழையில் தப்பியவற்றுக்கு இன்னொன்று, ஆட்கள் பெட்டியில் போடும் கார்ட்களைப் பார்த்து எழுதியது: வழுக்கிய தரை, கழன்ற மூடி, சூடான குழாய். கடைசி ஆறு மாதத்தில் நாற்பத்து மூன்று. ஒவ்வொன்றுக்கும் சொன்னவர் பெயர், செய்தது என்ன, முடிந்த நாள்.

"நாற்பத்து மூன்றா?" என்றேன், கொஞ்சம் சந்தோஷத்தோடு. "எங்களிடம் ஒன்றுமில்லை."

அவள் கோப்பையை வைத்தாள். "ஒண்டும் நடக்கல்லயா, ஆக்கள் ஒண்டும் சொல்லல்லயா?"

புஷ்பா அக்கா நினைவுக்கு வந்தார். எங்கள் பொதி செய்யும் பகுதியில் வேலை செய்கிறவர். பைக்கு வாய் ஒட்டும் மெஷினில் உள்ளங்கை வெந்து ஒன்பது நாள் வேலைக்கு வரவில்லை. மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாத காயம் என்றால் பரிசோதனைப் பொறியியலாளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். மெனேஜர் "பலகையில இருக்கிற கணக்கு கெட்டுப்போகும், லீவில போட்டுருவோம்" என்றார். அந்த லீவுத் தாளில் கையெழுத்துப் போட்டது நான்.

பர்ஹானா தானாகவே சொன்னாள்: "முருகேசுட வைஃப்ட விசயத்த எழுதின நேரம் எனக்குக் கை நடுங்கின. வேலைக்கு வந்து மூணு மாசம். அப்ப ஈந்த பழைய மெனேஜர் ரெண்டு மாசம் என்னோட கதைக்கல்ல. உம்மா வேலைய விடச் சொன்னா."

அதுவரைக்கும் அவளுக்குக் கிடைத்த பெயரைப் பார்த்துத்தான் எரிந்தேன். அந்த நிமிடத்திலிருந்து அந்த நடுங்கின கையைப் பார்த்து எரிந்தேன். இரண்டாவது எரிச்சல் முதலாவதை விட மோசம். படிப்பில் முதலாவது வந்த எனக்கு அப்படி நடுங்கிக்கொண்டாவது எழுத வரவில்லையே.

பின்னேரம் 2.30க்குக் கீழே இறங்கி, 3.10 பஸ் பிடித்து, ஐந்து மணிக்குச் சற்று முன் கண்டி. வழி முழுக்க மழை. அடுத்த நாள் காலை புஷ்பா அக்காவின் பெயரில் விபத்து அறிவித்தலை எழுதினேன், ஏன் பிந்தியது என்பதையும் மறைக்காமல். மெனேஜர் வாசித்துவிட்டு, "உங்கள அங்க பார்த்துட்டு வரத்தானே அனுப்பினேன்?" என்றார். "பார்த்துட்டுத்தான் வந்தேன் சேர்" என்றேன். அவர் கையெழுத்துப் போடவில்லை. என் கையெழுத்தோடு அனுப்பினேன்.

பரிசோதகர் வந்தார். எனக்கும் நிர்வாகத்துக்கும் எழுத்தில் எச்சரிக்கை கிடைத்தது. ஒட்டும் மெஷினுக்கு மூடி வந்தது. வாசல் பலகை ஒரே நாளில் காணாமல் போனது, யார் கழற்றினார்கள் என்று நான் கேட்கவில்லை. புஷ்பா அக்காவின் நட்டஈட்டு விண்ணப்பம் போயிருக்கிறது. நான் மன்னிப்புக் கேட்டபோது அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டி, "அன்னைக்கே எழுதியிருக்கலாமே மிஸ்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

போன கிழமை கண்டியில் நடந்த ஒரு பயிற்சிப் பட்டறையில் பர்ஹானா மேடையில் பேசினாள். நான் மூன்றாவது வரிசையில் குறிப்பு எடுத்தேன். நல்லாகத்தான் பேசினாள். எனக்கு இன்னும் எரிகிறது, மறைக்க ஒன்றுமில்லை.

இதேபோல் ஒரு பெக்டரியைப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில விஷயம். இரண்டு கிழமைக்கு முன்பே கடிதம் போட்டு அனுமதி எடுங்கள். உருட்டும் வேலை நடப்பதைப் பார்க்க பத்து மணிக்கு முன் மேலே போய்விடுங்கள். மூடிய சப்பாத்து கட்டாயம், சாரி கட்டாதீர்கள், சால்வையும் வேண்டாம். திரும்பும் ஆட்டோவைப் போகும்போதே பேசிவையுங்கள், இல்லாவிட்டால் மழையில் நடக்க வேண்டும். மெனேஜரோடு மட்டும் பேசிவிட்டு வராதீர்கள், மெஷினில் நிற்பவர்களோடு பேசுங்கள். எதையாவது கண்டுபிடித்தோம் என்று சத்தம் போடுமுன் சுவிட்சையும் பாருங்கள்.

ஊருக்கு வந்து நீங்களும் கார்ட் பெட்டி வைப்பதாக இருந்தால் அலுவலக வாசலில் வைக்காதீர்கள், ஆட்கள் போட மாட்டார்கள். நான் கை கழுவும் இடத்தில் வைத்தேன். மூன்று நாள் பெட்டி வெறுமையாக இருந்தது. நான்காம் நாள் ஒரு கார்ட் விழுந்திருந்தது, பெயர் இல்லை: "பாதுகாப்பு மிஸ் சுத்தி வாற நேரம் மட்டுந்தான் எங்களுக்குக் கையுறை குடுக்கிறாங்க. அந்த மிஸ்ஸுக்கும் அது தெரியும்."

இரண்டு தடவை வாசித்தேன். பிறகு புதுப் பதிவேட்டைத் திறந்து, முதலாம் இலக்கத்தில் அதை ஒரு சொல் மாற்றாமல் எழுதினேன்.