பஸீல் நானாவின் ரேஸ் பஸ்

பதுளை பஜாரில் குடைக்கடை வைத்துக்கொண்டு, குடையைத் திறக்காதீர்கள் என்று சொல்லித் திரிகிற மனிதர் எங்கள் பஸீல் நானா ஒருவராகத்தான் இருக்கும். ஒவ்வொரு சித்திரையிலும் வருசப் பிறப்பு விடுமுறை முடிவதற்குள், தெமோதரைப் பக்கத்திலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சனங்களை ஒரு வாடகை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு நுவரெலியா குதிரைப் பந்தயத்துக்குப் போவார். வழி நெடுக நின்றுகொண்டே எங்களுக்கு வகுப்பு எடுப்பார். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் வைத்துப் பார்த்துக்கொள்வது என் வேலை. சொன்ன பேச்சைக் கேட்காத கூட்டத்தை மேய்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஒரு பஸ் நிறையப் பெரியவர்களைச் சத்தமில்லாமல் உட்கார வைக்கும் வித்தையை அவரிடம்தான் பார்த்தேன்.

“கூரை போட்ட ஸ்டாண்டு நமக்கு வேணாம். டிக்கெட்டு வெலையும் கூட. சப்பாத்து போட்டுக்கிட்டுப் போகணும். தொப்பி வச்ச பணக்கார நோனாமாருக்குப் பின்னால நின்னா தொப்பியத்தான் பாக்கலாம். நாம மைதானத்துப் பக்கம் போவோம். போனதும் பந்தயம் ஓடுற எடத்துக்கு ஓடாதீங்க. ஓடுறதுக்கு முந்தி குதிரைகளச் சுத்தி நடத்திக் காட்டுவாங்க. அங்க போய் நில்லுங்க. ஓடுறப்ப குதிரை கண்ணுல நிக்காது. நடக்கிறப்பதான் அதோட அழகு தெரியும். வேலியில சாயாதீங்க. பின்னால போகாதீங்க, ஒதைக்கும். மத்தியானம் மழை வரும். வேலிகிட்ட நின்னு படக்குன்னு யாரும் குடைய விரிக்கப்படாது, குதிரை மெரண்டுரும்.”

“அப்ப எங்களுக்கு ஏன் நானா குடை வித்தீங்க?” என்று பின்சீட்டிலிருந்து வீரசிங்கம் கேட்பான்.

“லயத்து வீட்டுக்குப் போய்ப் பிடிக்க.”

எல்லோரும் சிரித்து முடித்ததும் கடைசி விஷயத்தைச் சொல்லுவார். அப்போது மட்டும் குரல் இறங்கிவிடும். “பந்தயம் கட்டுற கவுண்டர் ஒண்ணு அங்க இருக்கு. போறவங்க போகலாம், அது அவங்கவங்க இஷ்டம். ஆனா கட்டினவங்களுக்குத் திரும்பி வர இந்த பஸ்ஸுல எடம் இல்ல.”

இந்தச் சட்டம் ஆரம்பத்தில் கிடையாது. முதல் வருடம் வீரசிங்கம் வருசப் பிறப்புக்காகத் தோட்டத்தில் வாங்கிய காசைக் கவுண்டரில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டான். திரும்பும்போது சாமான் வாங்குவதற்காக வெலிமடையில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கினோம். அவன் பெண்சாதி இராக்கம்மா மட்டும் வெறும் பையை மடியில் வைத்துக்கொண்டு சீட்டிலேயே இருந்தாள். மகளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு வந்தவள் அவள். “இறங்கலியா தங்கச்சி?” என்று பஸீல் நானா போய்க் கேட்டார். “என்னத்துக்கு நானா?” என்றாள். அழவும் இல்லை, புருஷனைத் திட்டவும் இல்லை. மிச்ச வழி முழுக்க பஸீல் நானா வாயைத் திறக்கவில்லை. அடுத்த சித்திரையில் சட்டம் வந்துவிட்டது.

அது வாய்ப்பேச்சுதான் என்று நாங்கள் நினைத்தோம். வீரசிங்கமும் அப்படித்தான் நினைத்திருக்கிறான். போன வருடம் ஒளிந்து போய்க் கட்டி, மாட்டிக்கொண்டான். பஸீல் நானா இராக்கம்மாவைப் பார்த்து, “என்ன செய்ய தங்கச்சி?” என்று கேட்டார். “போவோம் நானா,” என்றாள். பஸ் கிளம்பிவிட்டது. மறுநாள் காலையில் தோட்டமே பெரட்டுக்கு வந்து வேலைக்குப் பெயர் கொடுத்துக்கொண்டு நிற்கும் நேரத்தில், வீரசிங்கம் ரோட்டில் வந்த பஸ்ஸிலிருந்து இறங்கி அத்தனை பேருக்கு முன்னாலும் லயத்துக்கு நடந்து போனான். அதற்குப் பிறகு அவனுடைய மணிபர்ஸ் இராக்கம்மாவின் கைக்குப் போய்விட்டது. அவள் முகத்தில் கொஞ்சம் தசை பிடித்ததும் அதற்குப் பிறகுதான்.

ஊரில் சிலர் பஸீல் நானாவை ‘ரேஸ்காரன்’ என்று சொல்லுவார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. “குதிரை அல்லாஹ்ட படைப்பு. அதைப் பாக்கிறது எப்படிப் பாவமாகும்?” என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். அவருக்குக் குதிரை என்றால் அத்தனை பிரியம். ஆனால் இந்த வருடம் அந்தப் பேச்சு அவர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

அவருடைய மகள் ரின்ஸாவுக்குப் பண்டாரவளையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஷிபான். அவனுடைய தகப்பனார் வாஹித் ஹாஜியார் அங்கே பெரிய துணிக்கடை வைத்திருப்பவர். பையனுக்கும் பெண்ணுக்கும் ஒருவரை ஒருவர் பிடித்துப்போய்விட்டது. ரின்ஸா அதை உம்மாவிடம் வெட்கப்படாமல் சொல்லியும்விட்டாள். எல்லாம் கூடி வரும்போது, பெண் வீட்டார் ரேஸுக்கு ஆள் ஏற்றுகிறவர்கள் என்று யாரோ ஹாஜியார் காதில் ஓதிவிட்டார்கள். ஹாஜியார் நேராகவே கேட்டார். பஸீல் நானாவும் நேராகவே, “நீங்களே ஒரு தரம் வந்து பாருங்கொ, அதுக்குப் பொறகு முடிவெடுங்கொ,” என்று சொல்லிவிட்டார்.

அப்படித்தான் இந்தச் சித்திரையில் வெள்ளைத் தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக ஹாஜியார் எங்கள் பஸ்ஸின் முன்சீட்டில் வந்து உட்கார்ந்தார். பண்டாரவளை தாண்டியதும் பஸீல் நானா எழுந்து நின்று வழக்கமான வகுப்பை எடுத்தார். சட்டத்தைச் சொன்னபோது ஹாஜியார் தலையை ஆட்டி, “மாஷா அல்லாஹ், நல்ல விஷயம்,” என்றார். பஸ்ஸே மூச்சு விட்டது. ரின்ஸாவின் கல்யாணம் அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

மைதானத்தில் நல்ல கூட்டம். ஐஸ்கிரீம்காரன், பலூன்காரன், கொழும்பிலிருந்து வந்த கறுப்புக் கண்ணாடிகள். நாங்கள் குதிரைகளை நடத்திக் காட்டும் வேலியோரம் போய் நின்றோம். பளபளவென்று தேய்த்துவிட்ட உடம்போடு அவை ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போயின. நாங்கள் முதுகையும் பிடரியையும் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தோம். ஹாஜியார் மட்டும் குதிரைகளின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தச் செவலைக் குதிரைக்கு ஈரத் தரை ஒத்துவரும்,” என்று யாரிடமும் இல்லாமல் சொன்னார். விஷயம் தெரிந்த பெரிய மனிதர் என்று நான் மெச்சிக்கொண்டேன். என் புத்தியை என்னவென்று சொல்ல.

மத்தியானம் மழை பிடித்தது. அதற்குப் பிறகு ஹாஜியாரைக் காணவில்லை. தொழப் போயிருப்பார் என்று பஸீல் நானா சொன்னார். பந்தயமெல்லாம் முடிந்து, நாங்கள் நனைந்த சேலைகளைப் பிழிந்துகொண்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவர் வந்தார். கை நிறைய ஸ்ட்ரோபெரிப் பெட்டிகள். முகமெல்லாம் சிரிப்பு. ஒரு படியில் காலை வைத்துக்கொண்டு, முன்சீட்டிலிருந்து ஆளுக்கொரு பெட்டியாகக் கொடுத்துப் பின்னால் அனுப்பச் சொன்னார்.

பஸீல் நானா பெட்டிகளைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். “ஹாஜியார், கட்டினீங்களா?”

“சும்மா ஒரு ஆசைக்குத்தான். அந்தச் செவலை. நான் சொன்ன மாதிரியே வந்திச்சு பாத்தீங்களா?” அவர் எதையும் மறைக்கவில்லை. தோற்றவர்களுக்குத்தான் அந்தச் சட்டம் என்று உண்மையாகவே நினைத்திருக்கிறார். எங்கள் முகங்களைப் பார்த்த பிறகுதான் அவருடைய சிரிப்பு மெல்ல நின்றது.

முதலில் பேசியது வீரசிங்கம். அவனுக்குப் பேசாமல் இருக்க எல்லா உரிமையும் இருந்தது. “நானா, ஹாஜியார ஏத்துங்க. என்னைய விட்டுட்டுப் போனத நான் மறந்துட்டேன். இது நம்ம புள்ள காரியம்.”

“ஆமா நானா, ஏத்துங்க,” என்று பஸ் முழுக்கச் சொன்னது. நானும்தான் சொன்னேன். ஒரு சட்டத்துக்காக ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுப்பார்களா? இராக்கம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கைக்கு வந்த பெட்டியை வாங்கவும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸீல் நானா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சீட்டுக்கு மேலிருந்த தன் பையை எடுத்துக்கொண்டார். “ரஜீவ், நீ வண்டிய எடு. பத்திரமாக் கொண்டு போய்ச் சேத்துரு,” என்று சாரதியிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். ஹாஜியாரின் தோளில் கையை வைத்து, “வாங்கொ ஹாஜியார். நாம ரெண்டு பேரும் ரோட்டு பஸ்ஸுல போவோம்,” என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெற்ற மகளைவிடப் பெரிதா இது? பஸ் ஹக்கலை தாண்டும் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு இராக்கம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா. நீங்க சொல்லியிருந்தா அவரு ஏத்தியிருப்பாரு.”

“ஏத்தியிருப்பாரு,” என்றாள். “வார வருசம் இவரையும் ஏத்தணும். அதுக்குப் பொறகு நான் என்னத்தச் சொல்லி இவரப் பிடிச்சு வைக்கிறது?”

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். வீரசிங்கம் பின்சீட்டில் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

ரோட்டு பஸ்ஸில் நடந்ததைப் பஸீல் நானா பிறகு சொன்னார். சொல்ல ஒன்றுமே இல்லை. வெலிமடை வரை இருவரும் நசுங்கிக்கொண்டு நின்றார்கள். அங்கே ஒரு சீட் கிடைத்தது. ஹாஜியாரை உட்கார வைத்துவிட்டு இவர் பக்கத்தில் நின்றார். பண்டாரவளையில் ஹாஜியார் ஸலாம் சொல்லிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பேச்சும் இல்லை. ஷிபானின் போன்கூட வரவில்லை. ரின்ஸா வாப்பாவுக்குச் சோறு போட்டாள், உடுப்பை மடித்து வைத்தாள், பேச மட்டும் இல்லை. நடந்ததை வெளியே சொல்லியிருந்தால் ஊர் முழுக்க ஹாஜியாரைப் பார்த்துச் சிரித்திருக்கும், பஸீல் நானாவின் பேர் துலங்கியிருக்கும். அவர் சொல்லவில்லை. எங்களையும் சொல்ல வேண்டாம் என்று ஆள் விட்டுக் கேட்டுக்கொண்டார். நாங்களும் சொல்லவில்லை. ஒரு பஸ் சனம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தது என்றால் நம்புவது கஷ்டம்தான்.

பிள்ளைக்காம்பராவுக்கு ஒரு குடை வாங்க நான் பஜாருக்குப் போன அன்று மனிதர் பாதியாக இளைத்திருந்தார். “பிழை செஞ்சிட்டேனா தங்கச்சி?” என்று கேட்டார். இராக்கம்மா சொன்னதை அவரிடம் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, வெள்ளை வேன் ஒன்று எதிர்ப்பக்கம் வந்து நின்றது. அதிலிருந்து ஓர் அம்மா இறங்கி, ரோட்டைக் கடந்து கடைக்குள் வந்தார். வாஹித் ஹாஜியாரின் மனைவி ஸகீனா. பஸீல் நானா பதறிக்கொண்டு கதிரையை இழுத்துப் போட்டார். வீடு கடைக்குப் பின்னால்தான். திரைக்கு அந்தப் பக்கம் ரின்ஸா வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது.

ஸகீனா உட்காரவில்லை. “கலியாணம் முடிச்ச நாள்லேந்து இவரு இப்படித்தான் நானா. ஊருக்குத் தெரியா, எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் ரேஸ் கட்டிட்டு நிப்பாரு, யாராச்சும் வந்து ஏத்திக்கிட்டுப் போயிருவாங்க. இவர்ட தம்பிமார் ஏத்தினாங்க. கூட்டாளிமார் ஏத்தினாங்க. வாயப் பொத்திக்கிட்டு நானும்தான் ஏத்தினேன். இவர இறக்கினது நீங்க ஒராள்தான். இறக்கிட்டு விட்டுட்டும் போகல்ல, கூட வந்தீங்க.” திரைப் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார். “ரின்ஸாவ எங்க ஊட்டுக்குத் தாங்கொ. எம்மகன் அவரப் போல ஆகப்படாதுண்டா, அவன் பக்கத்துல உங்கட மகள் ஈக்கணும்.”

திரைக்குப் பின்னால் ரின்ஸா அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. பஸீல் நானா வெளியே எட்டிப் பார்த்தார். “ஹாஜியார் வரல்லயா?” என்று கேட்டார்.

“வேன்லதான் ஈக்கிறாரு. உங்கட முகத்துல முழிக்க வெக்கமாம்.”

பஸீல் நானா கடையை அப்படியே போட்டுவிட்டு ரோட்டைக் கடந்து போனார். வேனின் கதவைத் திறந்து, ஹாஜியாரை இறங்கச் சொல்லாமல், தானும் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.