அடி நூல் என்று படித்தேன்

எம்பிராய்டரி மெஷின் வைத்துப் பிழைக்கும் என் சக பாவிகளே, மெஷின் ஓடும்வரை நாம் முதலாளி, நின்றுவிட்டால் சேலத்து மெக்கானிக்தான் முதலாளி. கச்சிராயபாளையத்தில் நான் வாங்கிப் போட்ட பழைய மெஷினின் திரை முழுக்கச் சீன எழுத்து. போனில் இருக்கும் மொழிபெயர்ப்பு ஆப்பைக் காட்டிப் படித்தால், மங்கிய திரையைப் பார்த்து அது ஏதோ உளறும். பொறுத்துப் பார்த்தேன், ஒருநாள் ரோஷம் வந்து ஆன்லைன் சீன வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

எடுக்காமல் எழுதியது

முதல் வகுப்பில் 'வாய்' என்ற எழுத்து. வெறும் கட்டம்தான்: 口. பேனாவை எடுக்காமல் ஒரே சுற்றில் போட்டுக் கேமராவில் பெருமையாகக் காட்டினேன். அது மூன்று கோடு, எடுத்து எடுத்து வரிசைப்படி எழுத வேண்டும் என்றார் சென்னையிலிருந்து பாடம் எடுக்கும் டீச்சர். நம் தொழிலில் ஊசி எடுத்து வைக்கிற இடமெல்லாம் நூலை வெட்ட வேண்டும், எடுக்காமலே ஓட்டிப் பழகிய கை கேட்குமா? அடுத்த எழுத்தையும் ஒரே ஓட்டமாக ஓட்டினேன். டீச்சர் சிரித்துவிட்டார்.

“பேனாவுல நூல் கோக்கலையேம்மா, தைரியமா எடுங்க!”

லைனிங்கில் வீட்டுப்பாடம்

சந்தோஷம் தாங்காமல் கண்ட இடத்தில் எழுதினேன். வெட்டுகிற மேஜையில் கிடந்த லைனிங் துணியில் சாக்குக்கட்டியால் எழுதிப் பார்த்ததை, என்னிடம் தைக்கும் செல்வி கவனிக்காமல் வெட்டித் தைத்துவிட்டாள். ரவிக்கை வாங்க வந்த அம்மா உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். தண்ணீரில் போய்விடும் என்று நான் கெஞ்சினேன்.

“இன்னாங்க, மந்திரமா? இருக்கட்டும் வுடுங்க, மாமியா வூட்டுக்குப் போட்டுக்கினு போறதுதான்!”

ஒன்றரைக் கை ரவிக்கை

மூங்கில்துறைப்பட்டிலிருந்து ஒரு கல்யாணப்பெண்ணின் அம்மா வந்து உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் பெண்ணழைப்பு. ரவிக்கையின் இடது கையில் பாதிப் பூக்கொடி ஓடியதும் மெஷின் கூவிக்கொண்டு நின்றது. மெக்கானிக் நாளைக்கு வருகிறேன் என்றார். செல்வி மேல் நூலை நான்கு முறை மாற்றிக் கோத்தாள், அசையவில்லை. அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் திரைக்கு முன்னால் போய் நின்றேன்.

திரையில் மூன்று எழுத்து. நடுவில் இருந்தது 线. நூல்! போன வாரம்தான் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். அதற்கு முன்னால் 底. அது 'அடி', முந்தின நாள் வீட்டுப்பாடம். மூன்றாவது தெரியவில்லை, தெரியாவிட்டால் போகிறது. “அடி நூல்டி!” என்று கத்தினேன். காலையில்தான் மாற்றினோம் என்று, அடி நூல் சுற்றிய பாபினை நாங்கள் தொட்டே பார்க்கவில்லை. திறந்தால், நூல் அறுந்து பஞ்சில் சிக்கியிருந்தது. துடைத்துப் போட்டேன். கொடி விட்ட இடத்திலிருந்து ஓடியது. எனக்கு அவ்வளவு ஆனந்தம். செல்வி திரையையே பார்த்தாள்.

“யக்கா, அது எப்பவும் சரியாத்தான் சொல்லிக்கினு இருந்துருக்குது. நமக்குத்தான் படிக்கத் தெரியல!”

இன்றைக்கும் எனக்குத் தெரிந்தது கொஞ்சம் எழுத்துதான், ஆனால் சேலத்து மெக்கானிக்கே போன் போட்டு “மெஷின வித்துட்டீங்களா?” என்று கவலையோடு விசாரிக்கிற அளவுக்கு அது போதுமானதாக இருக்கிறது.