முன்னுரிமைப் பங்கு

மதுரையில் நெருங்கிய நண்பனைப் 'பங்கு' என்று கூப்பிடுவோம். எதில் பங்கு என்று யாரும் கேட்பதில்லை. நானாவது கேட்டிருக்கலாம்.

அலங்காநல்லூர்ச் சாலையில் நண்பன் ஒரு குளிர்பதனக் கிடங்கு கட்டினான். புளியும் வத்தலும் மூட்டை மூட்டையாக உள்ளே தூங்கும். கோச்சடை வீட்டுக்கு மாடி எடுக்க வைத்திருந்த பணத்தை அவன் கம்பெனியில் போட்டேன்.

"கடனா வேணாம் பங்கு, பங்காவே தாரேன். கெடு முடிஞ்சா கம்பெனியே திருப்பி வாங்கிக்கிரும்" என்றான்.

அதற்கு 'மீட்கத்தக்க முன்னுரிமைப் பங்கு' என்று பெயர். முன்னுரிமை என்ற சொல்லில் சொக்கிப்போனேன். அதிகம் வாசிக்கிறவனுக்கு வருகிற வியாதி அது. சொல் அழகாக இருந்தால் கையெழுத்துப் போட்டுவிடுவான்.

சித்திரை வெயிலில் கிடங்குக்குள் போய் நிற்பேன். கதவு சாத்தியதும் மூச்சு புகையாகும். மங்கிய விளக்கில் மூட்டைகள் மலைத்தொடராகத் தெரியும். வெளியே சாலையில் தார் இளகிக்கொண்டிருக்க, உள்ளே நான் துண்டைப் போர்த்திக்கொண்டு, கட்டாத மாடியில் கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று கனவு காண்பேன். எனக்குக் கிடைத்த ஈவுத்தொகை அந்தக் குளிர் மட்டும்தான்.

கெடு வந்தது. லாபம் இல்லாத கம்பெனி பங்கை மீட்கச் சட்டம் விடாது என்றான். விசாரித்தேன், நிஜம்தான். பிறகு அவனுக்குக் கடன் கொடுத்திருந்த வங்கி திவால் வழக்குப் போட்டது. கிடங்கை விற்று, பணம் வர வேண்டியவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதற்கு ஒரு லிக்விடேட்டர் வந்தார். கடன் கொடுத்தவர்கள் வரிசையில் முன்னால், பங்குதாரர்கள் கடைசியில் என்றார். முன்னுரிமை என்பது அந்தக் கடைசிக் கூட்டத்துக்குள் முதலில் நிற்கிற உரிமையாம்.

பெயர்தான் பங்கு, கொடுத்தது கடன் என்று தீர்ப்பாயத்தில் மனுப் போட்டேன். விசாரணை காணொளியில். மேலே வெள்ளைச் சட்டை, கீழே லுங்கி.

"என் கட்சிக்காரர் பங்குதாரரே அல்ல" என்று என் வக்கீல் அழுத்திச் சொன்ன நேரம், திரையின் இன்னொரு கட்டத்திலிருந்து நண்பன் கத்தினான்:

"பங்கு! மைக்க அமத்து பங்கு, குக்கர் சத்தம் இங்க வரைக்கும் கேக்குது!"

லிக்விடேட்டரின் வக்கீல் எழுந்தார். "இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

மனு தள்ளுபடி ஆனது. குக்கரால் அல்ல, மீட்காத பங்கு பங்குதான், கடனாகிவிடாது என்பதால்.

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தேன். தூண் கம்பிகள் வானத்தைப் பார்த்து நின்றன. மனைவி அவற்றுக்கிடையே கொடி கட்டிச் சேலை காயப்போட்டிருந்தாள். தூரத்தில் அழகர்மலை நீலமாகக் கரைந்துகொண்டிருந்தது. நண்பன் படியேறி வந்து ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கோவமா பங்கு?"

"இனிமே என்னயப் பேரச் சொல்லிக் கூப்பிடு."

வாயைத் திறந்தான். கொஞ்ச நேரம் யோசித்தான்.

"பேரு மறந்துபோச்சு பங்கு."

காற்று வந்தது. சேலை உப்பி எழுந்து, கட்டாத அறைக்கு ஒரு பக்கச் சுவராக நின்றது. அது தணிவதற்குள் நான் கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டேன்.